கூட்ஸ் வண்டியில் போன இறக்கை

ரயில்வே கேட் மூடியிருந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம், மேற்கே இலுப்பூர் வரைக்கும் ஒரு மறைப்பு கிடையாது. செம்மண், கடலைக் கொல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை, அதற்கப்புறம் வானம். இந்தப் பக்கம் காலை வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, சப்பாத்திக் கள்ளியின் ஓரம் நான் நின்றிருந்தேன். வயிற்றோடு சேர்த்துப் பிடித்த பெட்டிக் கேமரா. அதன் தலையில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கண்ணாடி. அதற்குள்தான் அன்று என் உலகம் இருந்தது.

அந்தக் கண்ணாடியில் இடது வலமாகத் தெரியும். தெற்கே இருந்து வருகிற வண்டி என் இடது கைப் பக்கம் வரும்; கண்ணாடிக்குள் வலப்பக்கமிருந்து நுழையும். இதைப் பழகிக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

புகை தெரிந்தது. குனிந்தேன். கண்ணாடிக்குள் வண்டி இல்லை. அஞ்சாறு பெண்கள் கூடையும் களைக்கொட்டுமாக நின்றிருந்தார்கள்.

"தள்ளுங்க! அங்கிட்டுத் தள்ளுங்க! படத்துல விழறீங்க!"

நடுவில் நின்ற அழகம்மாக்கா திரும்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, நாங்க விழுந்தா ஒங்க ரயிலு தேஞ்சு போயிருமா?"

"நான் ரயிலை எடுக்க வந்திருக்கேன். ஒங்களை எடுக்க வரல. சீக்கிரம் நகருங்க!"

"அதுவுஞ் சரிதான். வாங்கடி இங்கிட்டு. நம்ம நெழலு பட்டா தம்பியோட ரயிலு கறுத்துப் போயிரும்."

அவர்கள் வேலி ஓரம் ஒதுங்கினார்கள். ஒருத்தி சிரித்தாள். அழகம்மாக்கா சிரிக்கவில்லை. எனக்கு அதைக் கவனிக்க அவகாசமில்லை. வண்டி வந்துவிட்டது.

இன்ஜின், ஒரு மூடிய வேகன், அதற்குப் பின்னால் நீளநீளமான தட்டு வண்டிகள். முதல் தட்டில் விமானத்தின் உடம்பு, மூக்கில்லாமல், ஜன்னல்களுக்குப் பதில் ஓட்டைகளோடு. அடுத்ததில் மரச்சட்டங்களுக்கு நடுவே நிமிர்த்தி, சற்றே சாய்த்து, சங்கிலி போட்டுக் கட்டிய ஒற்றை இறக்கை. நடைவேகத்தில் ஊர்ந்து வந்தது. வெயில் அதன்மேல் பட்டு என் கண்ணைக் கூச வைத்தது. ஏதோ சின்னத்தைச் சுரண்டி எடுத்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

மூன்று முறை விசையைத் தட்டினேன். படத்துக்குள் ஒரு மனுஷர் இல்லை, ஒரு ஆடு இல்லை, ஒரு கிளை இல்லை. வண்டியும் வானமும் மட்டும். இதைவிடச் சுத்தமாக ஒருவனால் எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

எட்டே எட்டு

கேமரா வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் கடை வைத்திருந்த என் மாமா, நான் புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். "பிலிம் சுருள்ல எட்டே எட்டுப் படந்தான். கண்டதையும் எடுத்து நாசம் பண்ணாதே ஜமாலு" என்றார். என்னைப் பெற்ற அத்தாவுக்கு அதில் சந்தோஷமில்லை. இலுப்பூரில் கடலை மண்டி வைத்திருந்தவர் அவர். "படிக்கப் போறவனுக்கு எதுக்கு வேடிக்கைப் பொட்டி?" என்று கேட்டதோடு விட்டுவிட்டார்.

என் முதல் சுருள் முழுவதும் குன்றாண்டார்கோவில் குகைக்குள் செலவானது. எட்டுப் படமும் எட்டுக் கறுப்பு. கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், "ராத்திரியைத் தனித்தனியா எட்டு வாட்டி எடுத்திருக்கியேப்பா" என்றார். "பேசாம கொடும்பாளூருக்குப் போ. அங்கே கோயில் வெயில்ல நிக்குது, ஓடியும் போகாது" என்று யோசனையும் சொன்னார்.

எனக்கு ஓடுகிறதுதான் வேண்டும்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. யுத்த காலத்தில், நான் இலுப்பூரில் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது, ஒரு விமானம் கூரையைத் தொட்டுவிடும் போலத் தாழப் பறந்து போயிற்று. வாத்தியார் கையில் சாக்பீஸோடு எங்களுக்கு முன்னால் ஓடினார். சந்தைப் பேட்டையில் கட்டியிருந்த மாடுகள் முளையைப் பிடுங்கிக்கொண்டன. மண்டியில் தராசைப் பிடித்தபடி அண்ணாந்த அத்தா, விமானம் மறைந்து வெகு நேரம் கழித்தும் தராசை இறக்கவில்லையாம். சாயங்காலம் வீட்டில் அதைப் பற்றியே பேசினார். வேடிக்கைப் பொட்டியைத் திட்டின அதே அத்தாதான்.

அந்த விமானங்கள் இறங்கிய தளம் தெற்கே இருந்தது. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், எங்கள் சமஸ்தானமும் போயிற்று. பறக்காத விமானங்கள் மட்டும் அங்கேயே புல் முளைத்துக் கிடந்தன. சில வருஷம் கழித்து அவற்றைக் கழற்றி, திருச்சி மார்க்கமாக ரயிலில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார்கள். எங்கே போகின்றன என்று யாருக்கும் நிச்சயமில்லை. பெங்களூரில் மறுபடி பூட்டிப் பறக்கவிடப் போகிறார்கள் என்றார் ஒருவர். பேரீச்சம்பழத்துக்குப் போடப் போகிறார்கள் என்றார் இன்னொருவர்.

எங்கே போனால் என்ன? ஒரு விமானம் என் கண்ணெதிரே, நடைவேகத்தில், பகல் வெளிச்சத்தில் போகிறது. அதை நான் எடுத்தாக வேண்டும்.

தகரம்

ஹாஸ்டலில் என் அறைத் தோழன் சுந்தரம். அந்த வருஷம் கல்லூரி ஆண்டு மலருக்கு மாணவ ஆசிரியர் அவன்தான். ரயிலில் விமானம் போகிறது என்று நான் சொன்னபோதே அவன் நம்பவில்லை. "படம் கொண்டா. ஒரு பக்கம் முழுசா ஒனக்கு. இல்லேன்னா அதுல காலேஜ் தோட்டத்தைப் போடுவேன்" என்றான்.

சுத்தமான மூன்று படங்களையும் மேஜைமேல் பரப்பினேன். சுந்தரம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"என்னடா இது, தகரமா?"

"ரெக்கைடா! விமானத்தோட ரெக்கை!"

"மண்டிக் கூரை கழண்டு போறதைப் படம் பிடிச்சிட்டு வந்து ரெக்கைங்கிறான். டேய், இங்கே வாங்கடா, ஜமாலோட ஆகாய விமானத்தைப் பாருங்க!"

வந்தார்கள். பார்த்தார்கள். பாத்திரக்கடைத் தகரம் என்றான் ஒருவன். சவரப் பிளேடு என்றான் இன்னொருவன். அன்றைக்கு எனக்கு விழுந்த பெயர் தகரம். தகரம் ஜமால். சமையற்கட்டு வரைக்கும் போயிற்று.

பௌதிகப் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ரெக்கையாவே இருக்கலாம்ப்பா. ஆனா இது ஒரு முழமா, முப்பது முழமா? அளந்து பாக்க இதுல என்ன இருக்கு? வெறும் வானம். பக்கத்துல ஒரு ஆள் நின்னிருந்தா நான் இப்பவே ஒத்துக்கிடுவேன்."

ஆள் நின்றிருந்தார்கள். அஞ்சாறு பேர். நான்தான் விரட்டினேன்.

கிளை விழுந்த சேதி

இந்த இடத்தில் அழகம்மாக்கா யாரென்று சொல்லாவிட்டால் என் முட்டாள்தனத்தின் முழு அளவு தெரியாது.

இறக்கை வண்டி சாதாரண கூட்ஸ் மாதிரி நினைத்த நேரத்துக்கு வராது. சரக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்பதால் பகலில்தான் விடுவார்கள். ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, கூட நடந்து வருகிற ஆள் ஒரு மூங்கிலை நீட்டி, தூணுக்கும் இறக்கைக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகரும். அது வருவதற்கு முதல் நாள் பாதை பார்க்கும் ஆட்கள் வந்து, தண்டவாளத்தின்மேல் சாய்ந்திருக்கும் வாகைக் கிளைகளை வெட்டித் தள்ளிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கிளையெல்லாம் அழகம்மாக்காவின் ஆடுகளுக்கு. கேட்டை ஒட்டிய கொல்லை அவருடையது. ஆக, இறக்கை வருகிற சேதி முதலில் அவருடைய ஆட்டுக்குத் தெரியும், அடுத்தபடி அவருக்குத் தெரியும்.

அவர்தான் எங்கள் ஹாஸ்டலுக்குத் தயிர்க்காரரும். விடியுமுன் எழுந்து நாலு மைல் நடந்து வந்து, சமையலறையில் தயிரை ஊற்றிவிட்டு, வெயில் ஏறுமுன் கொல்லைக்குத் திரும்பிவிடுவார். அப்படி ஒரு நாள் பேச்சுவாக்கில் வாங்கிய உபகாரம்தான் இது. கிளை விழுந்த மறுநாள் காலை என் ஜன்னல் பக்கம் வந்து, "தம்பி, கிளை விழுந்துருச்சு" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் முதல் பீரியடைக் கட் அடித்துவிட்டுச் சைக்கிளை எடுப்பேன். அன்று நான் கேட்டில் நின்றதே அவர் குரல் கொடுத்ததால்தான். நான் புறப்படப் பின்தங்கிய நேரத்தில் அவர் நடந்தே போய்ச் சேர்ந்து, கொல்லைக்குப் போகக் கேட் திறக்கக் காத்திருந்தார். அவரைத்தான் தள்ளு தள்ளு என்றேன்.

அதற்கப்புறம் தினமும் தயிர் வந்தது. குரல் வரவில்லை.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாகைகளில் ஒன்று மொட்டையாக நின்றது. வெட்டிய கிளைகளின் குச்சி மட்டும் கொல்லை ஓரம் கிடந்தது. இலையெல்லாம் ஆட்டின் வயிற்றுக்குள்.

கேட் கீப்பர் கருப்பையா அண்ணன் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, நேத்து வரக் காணோம்? வண்டி கும்முன்னு போச்சே!"

"யாரும் சொல்லலியேண்ணே!"

"சொல்றவுங்களத்தான் நீங்க வெரட்டி விட்டுட்டீங்களே." சொல்லிவிட்டு அவருக்கே பாவமாகப் போயிற்று போல. "இன்னும் ஒரு வண்டி பாக்கியாம். அதோட சரி. அதையாச்சும் விட்டுறாம பிடிங்க."

ஆண்டு மலர் அச்சுக்குப் போக இருபது நாள்கூட இல்லை. சுந்தரம் கல்லூரித் தோட்டத்தை ஒரு படம் எடுத்து வைத்துவிட்டான், முன்ஜாக்கிரதையாக.

கொல்லையில்

சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினேன். பெண்கள் கடலைச் செடியைப் பிடுங்கி உதறி, காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஈர மண் வாசனையும் பச்சைக் கடலை வாசனையும் மூக்கில் ஏறின. அழகம்மாக்கா என்னைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"பாத்து வாங்க தம்பி. எங்க கொல்லையில எங்களைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. படத்துல விழுந்து தொலைப்போம்."

பெண்கள் குலுங்கினார்கள். வரும்போது சைக்கிளில் நான் தயார் செய்த மன்னிப்பு ஒன்று இருந்தது. நாலு வரி. அதில் முதல் வரிகூட வாயில் வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

"எது தப்பு? ரயிலை எடுக்க வந்தேன்னீங்க. எடுத்தீங்கள்ல?"

"எடுத்தேன். தகரம்னு சொல்லிட்டாங்க."

கை நின்றது. "யாரு?"

"காலேஜ் முழுக்க. எம் பேரே இப்பத் தகரந்தான்."

அழகம்மாக்கா தலையைக் குனிந்துகொண்டார். தோள் ஆடிற்று. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தகரமா? ஏடி, தகரமாம்டி!" கொல்லை முழுவதும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு வழியில்லாமல்.

"சரி, இப்ப என்ன வேணும்?"

"அடுத்த வண்டிக்கு நீங்க எல்லாரும் வந்து கேட்டுக்கிட்ட நிக்கணும்க்கா. பக்கத்துல ஆள் நின்னாத்தான் அது எம்புட்டுப் பெருசுன்னு தெரியுமாம்."

"அன்னைக்கித் தள்ளுன்னீங்க, இன்னைக்கி நில்லுங்கிறீங்க. நாங்க என்ன முட்டுக் கல்லா?" நாலு காயை ஆய்ந்து கூடையில் போட்டார். "நிக்கிறோம். ஆனா ஒண்ணு. எங்க மொகம் நல்லாத் தெரியணும். எனக்கு ஒரு படம் குடுக்கணும். கண்டிச் சீமையில தேயிலைத் தோட்டத்துல எங்க அண்ணன் இருக்கு. போயி வருசம் பத்தாச்சு. இங்கிட்டு யாரு இருக்கா, யாரு போயிட்டான்னு அதுக்குத் தெரியாது. கடுதாசி போட்டா, ஒங்களுக்காக யாரோ எழுதிக் குடுத்தத எப்படி நம்புறதுன்னு கேக்குது. படத்தை அனுப்புனா நம்பும்."

எனக்கு இது நன்றாகப் புரிந்தது. நானும் அதே வியாதியில்தான் இருந்தேன்.

"கட்டாயம் தாரேன்க்கா" என்றேன்.

ஜமுக்காளம்

பத்து நாள் கழித்து ஒரு காலை, ஜன்னலுக்கு வெளியே குரல். "தம்பி, கிளை விழுந்துருச்சு."

கேமராவை எடுத்தேன். பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் ஏழு என்று தெரிந்தது. பயிற்சி என்ற பெயரில் சாதாரண கூட்ஸ்களை எடுத்து ஆறு படத்தைக் கரைத்திருந்தேன். ஊர்க் கடையில் சுருள் தீர்ந்து, திருச்சியிலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஆக, கையில் இருந்தது இரண்டு.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தவன் சைக்கிளை விட்டு இறங்காமல் அப்படியே நின்றேன்.

கல்யாணத்துக்கு வந்தது மாதிரி ஒரு கூட்டம். எல்லாரும் புதுச் சேலை, துவைத்த வேட்டி. கருப்பையா அண்ணனின் குடிசையிலிருந்து பெஞ்சு வந்திருந்தது. அதில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், முழங்காலில் கையை விரித்து வைத்து. பின்வரிசையில் பெண்கள், முன்னால் தரையில் பிள்ளைகள். ஓரத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் செம்பு, செம்பில் செவ்வரளிக் கொத்து. புதுக்கோட்டை ஸ்டூடியோவில் பூந்தொட்டி வைப்பார்கள், அது இங்கே அரளியாயிற்று.

இதெல்லாம் சரி. அவர்களுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு மூங்கிலைப் பிடித்து நின்றார்கள். இரண்டு மூங்கிலுக்கும் நடுவில், சிவப்பும் நீலமும் கோடு போட்ட ஒரு பெரிய ஜமுக்காளம் விரித்துக் கட்டியிருந்தது. கேட்டு, தண்டவாளம், மேற்கு, வானம் எல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டன.

"அக்கா, இது என்னக்கா?"

"திரை" என்றார் அழகம்மாக்கா, பெருமையாக. "ஸ்டூடியோவுல பின்னாடி திரை கட்டித்தானே எடுக்கிறாங்க? பெஞ்சுல இருக்க பெரியவுகதான் யோசனை சொன்னது. பின்னால ரயிலு கியிலு வந்து படத்தைக் கெடுத்துரக் கூடாதுல்ல?"

புகை தெரிந்தது.

எனக்கு உடம்பு முழுவதும் ஒரே சொல்லாக வந்து தொண்டையில் முட்டியது. அந்தச் சொல் 'தள்ளுங்க'. அதை விழுங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் விழுங்கியதில்லை, விளக்கெண்ணெய் உள்பட.

"திரையை எடுத்துட்டு எடுக்கலாமாக்கா?"

"திரை இல்லாமப் படமா? அண்ணன் என்ன நெனைக்கும்? வக்கத்துப் போயி ரோட்டுல நிக்கிறாகன்னு நெனைக்கும்." மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு உடனே நிமிர்ந்து விறைத்துக்கொண்டார்கள், ஆடினால் படம் கெட்டுப்போகும் என்று.

வண்டி வந்தேவிட்டது. இன்ஜினின் சூடு முகத்தில் அடித்துக் கடந்தது. ஒரு மூடிய வேகன். ஒரு தட்டு. ஜமுக்காளத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு நுழைந்தது. இறக்கையின் மேல்விளிம்பு. கிறீச்சென்று வண்டி நின்றது. மூங்கிலோடு நடந்து வந்த ஆள் தூணுக்கு அளவு பார்க்கக் குனிந்தான்.

அளந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்னே ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தேன். நூறுக்குள் முடிந்துவிடும்.

இது கடைசி வண்டி. படம் இரண்டு. திரையை இறக்கச் சொல்லி வாதாடினால் இருக்கிற நேரமும் போகும். அவர்களுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் ஓடி, கேட் தூணருகே நின்று இறக்கையை மட்டும் எடுத்துவிடலாம். எடுத்தால் அது இன்னொரு தகரம். அதைவிட, புதுச்சேலை கட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இத்தனை பேரை விட்டுவிட்டு, மறுபடியும் நான் ரயிலை எடுக்க ஓடினால்?

முதல் படம் அவர்களுக்கு என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபின் அவசரப்படவில்லை. கண்ணாடிக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். "பெஞ்சு ஓரத்துல இருக்கிற ஐயா, கொஞ்சம் உள்ளே. அந்தப் பிள்ளை தலையை நிமித்துங்க. அக்கா, முந்தானை செம்பை மறைக்குது. ஆங். அசையாதீங்க."

தட்டினேன்.

"ஆச்சுக்கா. ரொம்ப நல்லா வந்திருக்கும்."

அவ்வளவுதான். கட்டிப்போட்ட மூச்சையெல்லாம் ஒன்றாக விட்டார்கள். மூங்கில் பிடித்தவர்கள் கை வலித்து மூங்கிலைச் சாய்த்தார்கள். ஜமுக்காளம் சரிந்து தரையில் விழுந்தது.

எல்லாரும் திரும்பினார்கள்.

அவர்கள் அத்தனை வண்டிகளையும் பார்த்தவர்கள்தான். ஆனால் வேலி ஓரத்திலிருந்து, கூடையோடு, போகிற போக்கில். அன்று அது நின்றுகொண்டிருந்தது, அவர்கள் தலைக்குமேல், ஒரு மதிலைப் போல. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் தன்னையறியாமல் எழுந்து துண்டை இடுப்புக்கு இறக்கினார். பிள்ளைகள் வாயைப் பிளந்தன.

"ஏ ஆத்தே!" என்றார் அழகம்மாக்கா. ஒரு கை தானாக மேலே எழும்பியது. "எம்புட்டு ஆணி! ஏடி, எண்ண முடியுமாடி இத?"

என் விரல் அதற்குள் திருகைத் திருகிக்கொண்டிருந்தது. சிவப்புக் கண்ணாடிக்குள் எண் அச்சடித்த பிலிம் காகிதம் மெதுவாக நகர்கிறது. புள்ளி. இன்னொரு புள்ளி. மூங்கில்காரன் நிமிர்ந்து பச்சைக் கொடியைக் காட்டிவிட்டான். எட்டு. குனிந்தேன். கண்ணாடி நிறைய முதுகுகள், அவற்றுக்கு மேலே ஒரு கை, அந்தக் கைக்கு மேலே, ஆள் உயரத்துக்கு இன்னும் ஆள் உயரமாக, அது.

தட்டினேன். இன்ஜின் ஊதிற்று.

இரண்டு படங்கள்

முதுகுப் படத்தைச் சுந்தரத்தின் முன் வைத்தேன். இந்தத் தடவை அவன் திருப்பிப் பார்க்கவில்லை, தலைகீழாகவும் பிடிக்கவில்லை. கண்ணருகே கொண்டுபோய், "அந்தக் கை யாருதுடா?" என்று கேட்டான்.

"நம்ம தயிர்க்காரம்மா."

"நெசமாவா?" கல்லூரித் தோட்டத்தை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டான். பக்கம் முழுவதும் எனக்குத் தந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பெயரை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது. மேல்விலாசத்தில் 'தகரம் ஜமால்' என்றே இருந்தது. தபால்காரர் சரியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

மலர் வந்ததும் ஒரு பிரதியையும் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

அழகம்மாக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மலரை வாங்கினார். அந்தப் பக்கத்தையே பார்த்தார். முகம் சுருங்கிற்று.

"இதையா புஸ்தகத்துல போட்டாங்க? எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு, நான் பேய் பிடிச்சவ கணக்காக் கையைத் தூக்கிக்கிட்டு... மானத்தை வாங்கிட்டீங்களே தம்பி!"

அவசரமாக மற்றப் படத்தைக் கொடுத்தேன். சுருக்கம் போயிற்று. ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்துப் பேர் சொன்னார். யாரும் விடுபடவில்லை. அரளிகூடத் தெளிவாக இருந்தது. பெண்கள் எல்லாரும் வந்து குனிந்து பார்த்தார்கள். பிறகு அவர் விரல் மேலே போய், ஜமுக்காளத்துக்கு மேல் நின்றது.

"இது என்ன வெள்ளையா, கோடு மாதிரி?"

"அதுதான்க்கா ரெக்கை. திரைக்கு மேலே கொஞ்சம் தெரியுது."

"அழிக்க முடியாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை. குழம்பில் விழுந்த தூசியை எடுக்கச் சொல்கிற மாதிரி. "அண்ணன் பாத்தா, என்னமோ கூரை பிஞ்சு நிக்குதுன்னு நெனைக்கும்."

அன்றைக்கே படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்டூடியோக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சின்ன பிரஷை எடுத்து மையில் தொட்டவர், நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இதை எடுக்கத்தானேப்பா இத்தனை நாள் அலைஞ்சே?"

"ஆமாண்ணே."

"அழிச்சிரவா?"

"நல்லா அழிங்க" என்றேன். "கண்டிக்குப் போற படம். கோடு தெரியக் கூடாது."